இறக்குமேடையில் ஒரு துண்டு வயர்

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் மிக்ஸி ஓடவில்லை. தேங்காய்ச் சில்லும் மிளகாயுமாக ஜாரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்வின் பல் தேய்த்தபடியே வந்து, வயர் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று விரலால் தடவியே கண்டுபிடித்துவிட்டார். வெட்டி, முறுக்கி, நீல டேப் சுற்றினார். ஆலையில் மற்ற எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் ஸ்டோரில் கொடுக்கிற கறுப்பு டேப்தான். இவர் மட்டும் நீலம் வாங்கி வைத்துக்கொள்வார். சுற்றி முடித்து நுனியைச் சின்னக் காதுபோல மடித்துவிடுவார். அடுத்துப் பிரிக்கிறவனுக்கு நகம் உடையக் கூடாதாம். கல்யாணமான புதிதில் இந்த ஆளிடம் எனக்கு முதலில் பிடித்துப்போனதே அந்தக் காதுதான்.

சட்னி நன்றாக அரைந்தது. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஆலைக்குப் போனோம். அவர் மின்பராமரிப்புக்கு, நான் இறக்குமேடைக்கு.

மூன்று டேங்கர் ஹெக்சேன் வந்தது. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்க எங்கள் ஆலைக்கு இது இல்லாமல் முடியாது. பார்க்கத் தண்ணீர், பற்றினால் பெட்ரோல். இறக்கி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. வெயில் தார்ச்சாலையை உருக்குகிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

முதல் லாரி மேடைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. கிளாம்ப் இன்னும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மேடையோரத்து எர்த் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

பச்சை எரியவே கூடாது. திரவம் குழாயில் உரசி ஓடும்போது மின்சாரம் சேரும். அதை மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் லாரியின் உடம்பில் எர்த் கிளாம்ப் மாட்டுகிறோம். கிளாம்பின் பல் பெயிண்டையும் துருவையும் தாண்டி இரும்பைக் கடித்தால்தான் சிவப்பு போய்ப் பச்சை வரும். பச்சை வந்தால்தான் பம்ப் ஓடும். அப்படித்தான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததை அது நமக்காகப் பார்த்துச் சொல்கிறது.

டிரைவரை எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, மெயினை நிறுத்திப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு வயர். குறுக்கு இணைப்பு. இதை இங்கே ஜம்பர் என்பார்கள். கிளாம்ப் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், அது இருக்கிறவரை விளக்கு பச்சைதான்.

வயரில் டேப் சுற்றியிருந்தது. கறுப்பு இல்லை.

கதவை மூடினேன். மேலாளர் கோமதிநாயகம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“உள்ள இருக்க சென்சார் கார்டு போயிட்டும்மா. சென்னையில சொல்லியிருக்கு. மூணு வாரமாவது ஆவும்ங்கான். அதுவரைக்கும் நீதான் கிளாம்ப மாட்டுதியே, பொறவு என்ன?”

“மாட்டுதேன் சார். அது கடிச்சிருக்கான்னு யாரு சொல்லுவா?”

“ஆறு வருஷமா மேடையில நிக்க. உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியாது சார். யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் அந்தப் பெட்டி.”

அவருக்கும் இது தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும், கெமிக்கல் இன்ஜினியர். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். கார்டு வரும்வரை இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் செல்வின், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 5, சனி

இரண்டு லாரிகள் நின்றன. இறக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். லெந்து நோன்பு நாட்கள் என்பதால் கறி எடுக்கவில்லை. முருங்கைக்காய்ச் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல். செல்வின் ஸ்கூட்டரைக் கழுவினார். நேற்றும் கழுவினார். துணிகள் ஊறப்போட்டேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்த இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இவ்வளவு பேச்சில்லாத ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் இருந்ததில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

நான்கு லாரிகள் வரிசையில். டிரைவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. கடைசியில் செங்கோடன் எழுந்து வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், ஹெக்சேன் கொண்டுவருகிறவர்களில் பழைய ஆள். கோபத்திலும் மரியாதை குறையாது.

“ஏனுங் அம்மணி, வெள்ளிக்கிழமையிருந்து நிக்கறனுங்க. உங்க வெயில்ல மனுசன் வெந்தே போயிருவான். எப்பத்தானுங்க எறக்குவீங்க?”

“வாங்க, ஒண்ணு காட்டுதேன்” என்று அவருடைய லாரிக்கே கூட்டிப்போனேன். மட்கார்டில் புதுப் பெயிண்ட் பளபளத்தது. கிளாம்பை அதில் மாட்டினேன். பெட்டியில் பச்சை. பிறகு மீட்டரை வைத்துக் காட்டினேன். லாரிக்கும் மண்ணுக்கும் நடுவே தொடர்பே இல்லை. கிளாம்பைக் கழற்றித் தரையில் போட்டேன். அப்போதும் பச்சை.

அவர் கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்தார்.

“இதைய நம்பித்தான் போன வாரம் எறக்கினமுங்களா?”

“ஆமா.”

“என்ற மச்சான் ஒருத்தன் இருந்தானுங்க” என்று ஆரம்பித்தார். லாரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பட்டனை மாட்டினார். “நீங்க சொல்ற வரைக்கும் என்ற வண்டி எறங்காதுங்க” என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குத் திரும்பிப்போனார்.

மத்தியானம் கோமதிநாயகம் சார் மேடைக்கே வந்துவிட்டார். பக்கத்துத் தொழிற்சாலையில் கைப்பெட்டி மாதிரி ஒரு எர்த் கருவி இருக்கிறது, இரவல் கேட்போம் என்றேன். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்றார். ஆலையை மூடச் சொல்கிறாயா என்றார். பிறகு குரலைத் தணித்தார்.

“வயரு பெட்டிக்குள்ள தானா முளைக்கலம்மா. யாரு போட்டான்னு கேக்கணும்னா உன் வீட்லதான் கேக்கணும்.”

நான் அதிர்ந்துபோவேன் என்று எதிர்பார்த்தார்.

“தெரியும் சார். பெட்டியத் தொறந்தப்பவே தெரியும்” என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காபி போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன். வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கலாம். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

“மேடையில அந்த ஜம்பர் நீங்க போட்டதுதான?”

செல்வின் மறுக்கவில்லை. “சார் சொன்னாரு. ரெண்டு மூணு நாளைக்குன்னாரு. பொறவு கார்டு வரல.”

“நான் நிக்க மேடை அது.”

“நீ கிளாம்ப் மாட்டாம எறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் பிள்ள. அந்தத் தைரியத்துலதான் போட்டேன்.”

என் மேல் வைத்த நம்பிக்கையைச் சொல்கிறார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை கிடைக்கவில்லை.

“நான் லீவு போட்ட அன்னைக்கு?” என்றேன். “எனக்குப் பதிலா நிக்க முத்துமாலை அண்ணாச்சி அவசரத்துல பெயிண்ட் மேல மாட்டியிருந்தா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தினமும் மீட்டர் வச்சாவது பாத்திருப்பேன்லா. எதுத்தாப்புல உக்காந்து சோறு தின்னுக்கிட்டே சொல்லாம இருந்திருக்கிய.”

அவர் காபியைத் தொடவில்லை.

“தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸ்ல போய்ச் சொல்லப்போறேன். சார் இன்னைக்குள்ள வழிக்கு வரலன்னா.”

“எம் பேரும் வரும்.”

“வரும். அதான் முன்கூட்டிச் சொல்லுதேன்.”

இன்று தனித்தனியாகப் போனோம். அவர் பஸ்ஸில்.

ஏப்ரல் 9, புதன்

உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. வெயிலில் ஓடியதால் இருக்கும்.

ஏதோ பேச வேண்டும் என்று காலையில் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பேச யாரும் வரவில்லை. டீ மட்டும் வந்தது. எதற்காக உட்காரவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிய நேரமானது. பம்ப் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஜன்னலுக்கு ஓடினேன். சேமிப்புத் தொட்டியின் ஏணியில் முத்துமாலை அண்ணாச்சி ஏறிக்கொண்டிருந்தார், அளவு டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு.

இறக்கி முடித்துவிட்டார்கள். இனி எவ்வளவு வந்திருக்கிறது என்று அளந்துவிட்டு லாரியை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் புதிதாக விழுந்த ஹெக்சேன் தொட்டிக்குள் கொந்தளித்துக்கொண்டிருக்கும். அதில் சேர்ந்த மின்சாரம் அடங்க நேரம் விட வேண்டும். விடாமல் இரும்புக் குண்டு கட்டிய டேப்பை உள்ளே இறக்கினால், திரவத்துக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு பொறி போதும். வாய் திறந்த தொட்டி, மேலே ஆவி, அதன் விளிம்பில் ஒரு மனிதர்.

செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

“அண்ணாச்சி! டேப்ப எறக்காதிய! எறக்காதிய!”

அவர் மூடியைத் திறந்து குனிந்திருந்தார். குரல் கேட்டு அப்படியே சிலையாக நின்றார். “மூடிய மூடிட்டுக் கீழ வாங்க. டேப்பு உள்ள போவக் கூடாது” என்று கத்தினேன். ஒவ்வொரு படியாக இறங்கினார். தரைக்கு வந்ததும் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“சார்தான் சீக்கிரம் அளந்துட்டு வாங்கன்னாரு மேடம். பேத்திக்கு இன்னைக்குக் காது குத்து, அரை நாள் லீவு கேட்டிருந்தேன். அளந்துட்டுக் கிளம்புங்கன்னாரு.”

கிளாம்பைப் பார்த்தேன். லாரியின் மட்கார்டில், பெயிண்டின் மேல், அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு பச்சை. செங்கோடன் தன் லாரியை நகர்த்த மறுத்ததால் பின்னால் நின்ற புது டிரைவரின் லாரியை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

மெயினை நிறுத்தினேன். பெட்டியைத் திறந்து வயரை என் கையாலேயே உருவினேன். நீல டேப்பின் நுனி மடித்துத்தான் இருந்தது, நகம் உடையவில்லை. பிறகு பெட்டியை மூடி, பராமரிப்பு நேரத்தில் போடுவதற்கென்று எங்களுக்குத் தந்திருக்கும் சிவப்புப் பூட்டைப் போட்டேன். அதில் என் பெயர் இருக்கிறது. பூட்டியவரைத் தவிர யாரும் அதைத் திறக்கக் கூடாது என்பது ஆலை விதி. அந்த விதியைப் போட்டதும் கோமதிநாயகம் சார்தான். கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது கையை நீட்டினார்.

“சாவியக் குடு ஜெபக்கனி.”

“தர மாட்டேன் சார்.”

“உன்னைய வெளிய அனுப்ப வேண்டி வரும்.”

“அனுப்புங்க. பூட்டு இங்கதான் இருக்கும்.”

டிரைவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

கேட்டில் செக்யூரிட்டி குறுக்கே நின்றார். பாவம், மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார். சரி என்று ஸ்கூட்டரைத் திருப்பி நேராக ஆய்வாளர் அலுவலகம் போனேன். கொஞ்சம் வயதான, மெலிந்த மனிதர். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அந்த வயரைப் போட்டது யாரும்மா?”

“எலக்ட்ரீஷியன் செல்வின். என் வீட்டுக்காரர்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிச்சுட்டேன் சார். போடச் சொன்னது மேலாளர் கோமதிநாயகம். அதையும் எழுதிக்கோங்க.”

வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு குடித்தேன். பிறகு இன்னொன்று.

வீட்டுக்கு வந்தபோது முத்துமாலை அண்ணாச்சி போன் செய்தார். பூட்டை வெட்டச் சொல்லிச் செல்வினை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் கட்டரோடு போய் நின்றிருக்கிறார். பூட்டைப் பார்த்தாராம், அதில் என் பெயரைப் பார்த்தாராம். “நான் வெட்ட மாட்டேன் சார். ஒருக்கா நீங்க சொன்னதக் கேட்டது போதும்” என்று கட்டரைக் கீழே வைத்துவிட்டாராம்.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். “வெளிய அனுப்பிட்டாவ” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் போன் வந்ததைச் சொல்லவில்லை. சோறு போட்டேன். ரசம் மட்டும்தான் இருந்தது. ஒரு நாள் மறுத்துவிட்டதால் அத்தனை நாள் மறைத்தது இல்லை என்றாகிவிடாது. ஆனாலும் அப்பளம் பொரித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆய்வாளர் ஆலைக்கு வந்தார். மேடையை மூடச் சொல்லிவிட்டார். பூட்டைத் திறக்க என்னை அழைத்தார்கள். கேட்டில் அதே செக்யூரிட்டி சல்யூட் அடித்தார்.

ஏப்ரல் 12, சனி

மூன்று வாரம் ஆகும் என்ற கார்டு இன்று காலை வந்துவிட்டதாம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் போகும்போது யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. புருஷன் பேரைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தவள். திரும்பிப் பார்த்தேன். பேச்சு நின்றது. நான் பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடினேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஏப்ரல் 15, செவ்வாய்

கோமதிநாயகம் சார் வீட்டுக்கு வந்தார். மாதுளம்பழம் வாங்கி வந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. இப்படி நான் அவரைப் பார்த்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“நாளன்னைக்கு விசாரணை. ஒரு வழி இருக்கு” என்றார். “செல்வின் யார்ட்டயும் கேக்காம தானா போட்டதாச் சொல்லிரட்டும். கொஞ்ச நாள் வெளிய இருக்கட்டும், பொறவு நானே உள்ள எடுத்துக்கிடுதேன். ஜெபக்கனி, நீயும் அப்படியே சொல்லிரு. நாளைக்கே வேலைக்கு வந்துரலாம். எனக்கும் மேல இருந்து நெருக்குதாவம்மா. பம்ப நிறுத்துனா எம் போனு நிக்காது. நீ பாத்ததில்ல.”

பொய் சொல்லவில்லை அவர். நெருக்கியிருப்பார்கள்.

செல்வின் என்னைப் பார்த்தார். “ஒத்துக்கிடுவோம் பிள்ள. போட்டது நான்தான? நீயாவது உள்ள இரு.”

நான் எழுந்துவிட்டேன்.

“சார், இவிய செஞ்சது தப்பு. அத இந்த வீட்ல ஒருநாளும் சரின்னு சொல்ல மாட்டேன். அதுக்கு உள்ளத இவிய வாங்கிக்கிடட்டும். ஆனா நீங்க சொன்னதையும் சேத்து இவிய தலையில வைக்க விட மாட்டேன். ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவேன்.”

“அப்பம் ரெண்டு பேருக்கும் வேலை போவும்.”

“அண்ணாச்சி அன்னைக்குத் தொட்டி மேல குனிஞ்சு நின்னாருல்லா சார்? நீங்களும் கீழ நின்னு பாத்தியள்ளா? அதப் பாத்த பொறவும் இங்க வந்து இதக் கேக்கியளே.”

அவர் எழுந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். மாதுளம்பழத்தைக் கேட் வரைக்கும் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

செல்வின் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்ததையே தேய்த்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆலை ஆபீசில் விசாரணை. ஆய்வாளர், முதலாளி, நாங்கள். செங்கோடன் நாமக்கல்லிலிருந்து காலி லாரியை ஓட்டிக்கொண்டு வந்து வெளியே நின்றார். கூப்பிட்டால் சொல்வதற்காம். முத்துமாலை அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்.

முதலில் என்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஆய்வாளர் ஆரம்பிக்கும் முன்பே செல்வின் எழுந்துவிட்டார். கூட்டத்தில் பேச வராத மனிதர். சபைக் கூட்டத்தில்கூடக் கடைசி வரிசைதான்.

“ஜம்பர் போட்டது நான் சார். தப்புன்னு தெரிஞ்சே போட்டேன். என் பெஞ்சாதி அங்க நிக்கான்னு தெரிஞ்சும் போட்டேன். கோமதிநாயகம் சார் போடச் சொன்னாரு. அவரு சொன்னாருங்கதுக்காக என் தப்பு குறையாது. நான் போட்டேங்கதுக்காக அவரு தப்பும் குறையாது.”

ஆய்வாளர் கோமதிநாயகம் சாரைப் பார்த்தார். முதலாளி தொண்டையைச் செருமினார். பிறகு கோமதிநாயகம் சார் மெதுவாக, “ஆமா, நான்தான் சொன்னேன்” என்றார். “ஆலை நிக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சொன்னவங்களும் இங்கதான் இருக்காவ.”

முதலாளி அதற்குமேல் செருமவில்லை.

என் முறை வந்தபோது சொல்ல அதிகம் மிச்சமில்லை. அண்ணாச்சி தொட்டி மேல் குனிந்து நின்றதை மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் போடும்போது என் புடவை முந்தானை அவர் கையில் சிக்கியது. எடுத்துவிட்டார். நன்றி என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

முடிவு வந்தது. ஆலை மேல் வழக்கு. கோமதிநாயகம் சார் வேறு ஊருக்கு. செல்வினுக்கு மழைக்காலம் வரை வேலையில்லை. அதன்பிறகு திரும்ப எடுப்பதைப் பற்றி யோசிப்பார்களாம். எனக்குத் திங்கட்கிழமை முதல் அதே மேடை.

கடிதத்தைப் படித்துவிட்டு, “வீட்டு வயரிங் வேலைக்குப் போறேன்” என்றார். பிறகு, “இன்னும் கோவமா இருக்கியா?”

“ஆமா.”

“எம்புட்டு நாளைக்கு?”

“தெரியாது. போவும்போது சொல்லுதேன்.”

தலையை ஆட்டினார். “என்னைய நீ காட்டிக்குடுத்துட்டேன்னு தெருவுல பேசுதாவ. நான் ஒருத்தன்ட்ட சண்டைக்கே போயிட்டேன்” என்றார்.

“நீங்க எதுக்குச் சண்டைக்குப் போறிய? காட்டித்தான் குடுத்தேன்.”

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், முழுவதும் அடக்க முடியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வேலைக்குப் போனேன்.

புது மேலாளர் மதுரைக்காரர், இளவயது. என்னைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பார் போல. உட்காரச் சொன்னார். ஆலையைப் பற்றிக் கொஞ்சம், வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, நெளிந்துகொண்டே கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்த எலக்ட்ரீஷியன் செல்வின்ங்கிறது... உங்க...”

“என் வீட்டுக்காரர் சார். ஜம்பர் போட்டது அவருதான். எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு நின்னு சொன்னதும் அவருதான்.”

வெளியே லாரி ஹாரன் அடித்தது. நான் எழுந்தேன்.

“லாரி வந்துட்டு சார். வாங்க, வந்து பாருங்க. நின்னு பாத்தாத்தான் மேடை பழகும்” என்றேன்.

அவர் தலைக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார்.